டி.சி. கேபிள் காப்பின் கடத்துதிறனுக்கு மாதிரி கட்டுவது எப்படி?

ஏ.சி. கேபிளில் மின்புலம் எங்கே உச்சம் என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம். கண்டக்டரை ஒட்டிய இடத்தில்தான். லோடு ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. அங்கே புலத்தைப் பங்கிடுவது காப்புப் பொருளின் விடுதிறன் (புலத்தில் மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை), அது வெப்பத்துக்கு அவ்வளவாக அசைவதில்லை. டி.சி. கொடுத்துப் பல மணி நேரம் விட்டால் பங்கீட்டு வேலை கடத்துதிறனின், அதாவது காப்பு மின்சாரத்தைக் கசியவிடும் அளவின், கைக்குப் போய்விடுகிறது. எக்ஸ்.எல்.பி.இ. (குறுக்குப்பிணைத்த பாலிஎத்திலீன்) காப்பில் இந்த எண் வெப்பத்துக்கும் புலத்துக்கும் சேர்ந்தே ஆடும். கிளர்வு ஆற்றல் (மின்னூட்டம் நகரத் தாண்டவேண்டிய ஆற்றல் தடை) 1 எலெக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால், 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போகும்போது சுமார் 320 மடங்கு ஏறுகிறது. விளைவு: லோடு இல்லாதபோது உள்பக்கம் இருந்த உச்சப் புலம், லோடு ஏறியதும் வெளிப்பக்கம் தாவுகிறது. இதைப் புலத் தலைகீழ் என்பார்கள். கேபிள் தடிமனைத் தீர்மானிக்கும் கணக்கு இதுதான்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடத்துதிறன் 10⁻¹⁵ சீமென்ஸ்/மீட்டரா 10⁻¹⁴ஆ என்பது நிலைத்த புலத்தைத் துளியும் மாற்றாது. காப்பு முழுவதும் ஒரே மடங்கு கூடினால் அந்த மடங்கு கணக்கில் அடிபட்டுப்போகும். புலத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பவை, கடத்துதிறன் வெப்பத்தோடும் புலத்தோடும் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற இரண்டு எண்கள்தான். மொத்த அளவு தீர்மானிப்பவை வேறு: நிலைத்த நிலைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும், காப்புக்குள் எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்பவை. ஆய்வகத்தில் நேரத்தை எதில் செலவிடுவது என்று முடிவெடுக்க இந்தப் பிரிவினை உதவும்.

மாதிரியின் வடிவம்

நடைமுறையில் அதிகம் புழங்குவது இது:

கடத்துதிறன் = அடிமதிப்பு × எக்ஸ்ப்(ஆல்ஃபா × வெப்பநிலை + பீட்டா × புலம்)

எக்ஸ்ப் என்பது e-யின் அடுக்கு. எக்ஸ்.எல்.பி.இ.க்கு ஆல்ஃபா டிகிரிக்கு 0.1 அளவிலும், பீட்டா 0.1 மி.மீ./கி.வோ. அளவிலும் வரும். பொருளுக்குப் பொருள் மாறும் என்பதால் இவற்றைத் தொடக்க எண்களாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இயற்பியலுக்கு நெருக்கமான இன்னொரு வடிவத்தில் வெப்பப் பகுதிக்கு அர்ரீனியஸ் விதி (கிளர்வு ஆற்றலையும் கெல்வின் வெப்பநிலையையும் வைத்து எழுதும் அடுக்கு விதி), புலப் பகுதிக்கு ஹைப்பர்பாலிக் சைனைப் புலத்தால் வகுத்தது.

இரண்டுக்கும் இடையே எண்களை மாற்றும்போதுதான் பலர் வழுக்குகிறார்கள். ஆல்ஃபா என்பது கிளர்வு ஆற்றலை போல்ட்ஸ்மன் மாறிலியாலும் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கத்தாலும் வகுத்தது. 1 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு 20 டிகிரியில் 0.135, 50 டிகிரியில் 0.111, 70 டிகிரியில் 0.099. ஒரே ஆல்ஃபாவை 20 முதல் 70 டிகிரி வரை இழுத்தால் இரண்டு மடங்கு பிழை சாதாரணமாக வரும். ஆகவே கேபிள் உண்மையில் வேலை செய்யும் வெப்பநிலையில் ஆல்ஃபாவைக் கணக்கிடுங்கள். புலப் பகுதியில், ஹைப்பர்பாலிக் சைனுக்குள் இருக்கும் கெழு பீட்டா அல்ல. கெழு 0.15 மி.மீ./கி.வோ. என்றால், 16 கி.வோ./மி.மீ. புலத்தில் அதற்கு இணையான பீட்டா 0.09தான். கீழே புலத்தால் வகுப்பது மீதியைத் தின்றுவிடுகிறது. ஒரு கட்டுரையின் கெழுவை எடுத்து இன்னொரு கட்டுரையின் சூத்திரத்தில் போட்டால் இந்த இடத்தில்தான் அடி விழும். அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 0.1 மி.மீ./கி.வோ. என்பது மீட்டர்/வோல்ட்டில் 10⁻⁷.

கையால் ஒரு கணக்கு

மென்பொருளைத் திறக்கும் முன் கையால் விடை கண்டுவிட வேண்டும். ±320 கி.வோ. சமச்சீர் மோனோபோல் (ஒரு கேபிள் +320, இன்னொன்று −320) 1000 மெகாவாட் சுமந்தால் மின்னோட்டம் 1560 ஆம்பியர் அளவு. புகளூர்–திருச்சூர் இணைப்பு இந்த வகுப்பைச் சேர்ந்தது. இப்படி இரண்டு சேர்ந்து 2000 மெகாவாட், கேரளப் பக்கத்தில் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிள். கீழே உள்ள பரிமாணங்கள் அந்தக் கேபிளுடையவை அல்ல, கணக்குக்காக எடுத்த வட்ட எண்கள்.

காப்பின் உள் ஆரம் 25 மி.மீ., வெளி ஆரம் 45 மி.மீ. 1600 சதுர மி.மீ. செம்புக் கண்டக்டர், 1500 ஆம்பியர். 20 டிகிரியில் கி.மீ.க்கு 0.0113 ஓம் என்ற மின்தடை 70 டிகிரியில் 0.0135 ஆகிறது, இழப்பு மீட்டருக்கு 30.4 வாட். எக்ஸ்.எல்.பி.இ.யின் வெப்பத்தடை 3.5 கெல்வின்·மீட்டர்/வாட் என்று ஐ.இ.சி. 60287 (கேபிளின் மின்னோட்டக் கணக்குக்கான பன்னாட்டுத் தரம்) தருகிறது. இழப்பை அதனால் பெருக்கி 2 × பை-ஆல் வகுத்தால் 16.9. அதை ஆரங்களின் விகிதத்தின் இயல் மடக்கையான 0.588ஆல் பெருக்கினால், காப்பின் குறுக்கே வெப்பநிலை வித்தியாசம் 10 டிகிரி.

இனி புலம். நிலைத்த நிலையில் ஆரம் × கடத்துதிறன் × புலம் எங்கும் ஒரே எண். வெப்பநிலை ஆரத்தின் மடக்கையாக இறங்குவதால், கடத்துதிறனின் வெப்பப் பகுதி ஆரத்தின் ஓர் அடுக்காக மாறிவிடும். புலப் பகுதியைச் சராசரிப் புலத்தைச் சுற்றி அடுக்காகத் தோராயப்படுத்தினால் புலமும் ஆரத்தின் அடுக்காகவே வருகிறது. அடுக்கெண் டெல்டா கழித்தல் 1. டெல்டாவுக்கான சூத்திரம்:

டெல்டா = (ஆல்ஃபா × 16.9 + பீட்டா × சராசரிப் புலம்) ÷ (1 + பீட்டா × சராசரிப் புலம்)

சராசரிப் புலம் 320 ÷ 20 = 16 கி.வோ./மி.மீ. ஆல்ஃபா, பீட்டா இரண்டும் 0.1 என்று போட்டால் டெல்டா 1.27. வெளி விளிம்பில் புலம் = டெல்டா × மின்னழுத்தம் ÷ [வெளி ஆரம் × (1 − ஆர விகிதத்தின் டெல்டா அடுக்கு)]; இங்கே ஆர விகிதம் என்பது 25/45. விடை வெளியே 17.2, உள்ளே 14.7 கி.வோ./மி.மீ. லோடு இல்லாமல், அதாவது வெப்பப் பகுதி பூச்சியம் என்றால், டெல்டா 0.62, உள்ளே 18.1, வெளியே 14.4. ஒப்பீட்டுக்கு, மின்னழுத்தம் கொடுத்த கணத்தில், விடுதிறன் மட்டும் பங்கிடும்போது உள்ளே 21.8, வெளியே 12.1.

பீட்டாவை அழித்துவிட்டு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: லோடோடு வெளியே 19.1, உள்ளே 12.7. புலம் கூடும் இடத்தில் கடத்துதிறனும் கூடித் தன்னைத்தானே மட்டப்படுத்திக்கொள்வதால், பீட்டா நமக்கு நண்பன். அதைக் கூட்டி மதிப்பிட்டால் கேபிள் தாளில் பாதுகாப்பாகத் தெரியும், மண்ணுக்குள் அப்படி இருக்காது.

அளவீடு

காப்புப் பொருளின் மெல்லிய தகடு, மூன்று மின்வாய், கார்டு ரிங் (விளிம்பில் கசியும் மின்னோட்டத்தை ஒதுக்கும் வளையம்), எலெக்ட்ரோமீட்டர் (மிகச் சிறு மின்னோட்டத்தை அளக்கும் கருவி), வெப்பநிலை கட்டுப்படுத்திய ஓவன். கருவிகளின் பட்டியல் எளிது. சிரமம் எண்களில் இருக்கிறது. 0.5 மி.மீ. தகடு, 100 மி.மீ. விட்ட மின்வாய், 10 கி.வோ. என்று வையுங்கள். புலம் 20 கி.வோ./மி.மீ. கடத்துதிறன் 10⁻¹⁶ சீமென்ஸ்/மீட்டர் என்றால் அளக்கவேண்டிய மின்னோட்டம் 16 பிக்கோ ஆம்பியர். அந்தத் தகட்டின் மின்தேக்குதிறன் சுமார் 320 பிக்கோ ஃபாரட். மின்வழங்கி விநாடிக்கு 0.05 வோல்ட் நகர்ந்தாலே இன்னொரு 16 பிக்கோ ஆம்பியர் பொய்யாக ஓடும். 10,000 வோல்ட்டில் 0.05 வோல்ட்! ஆகவே வாங்கும்போது மின்வழங்கியின் உச்ச மின்னழுத்தத்தைவிட அதன் நிலைத்தன்மையைப் பாருங்கள். ஓவன் விசிறியின் அதிர்வும், கதவைத் திறப்பதும்கூட வரைபடத்தில் தெரியும்.

உயரழுத்தப் பக்கம் 10 மெகா ஓம் மின்தடையைத் தொடரில் வையுங்கள். பிக்கோ ஆம்பியர் ஓட்டத்தில் அது எதையும் கெடுக்காது, தகடு துளைபட்டால் எலெக்ட்ரோமீட்டரைக் காப்பாற்றும். மின்வாய்க்கு வெறும் உலோகத்தைவிட, கேபிளில் திரையாகப் பயன்படும் அதே கரிக்கலவைப் பிளாஸ்டிக் நல்லது. மின்னூட்டம் எவ்வளவு உள்ளே நுழைகிறது என்பது தொடுபரப்பைப் பொறுத்தது.

தகட்டைத் தயாரிப்பதில்தான் அதிகக் குழப்பம். டைகுமைல் பெராக்சைடு கொண்டு குறுக்குப்பிணைத்த பாலிஎத்திலீனில் அசிட்டோஃபினோன், குமைல் ஆல்கஹால், ஆல்ஃபா மெத்தில் ஸ்டைரீன், மீத்தேன் ஆகியவை துணைப்பொருள்களாக எஞ்சும். இவை கடத்துதிறனை ஏற்றுகின்றன. 0.5 மி.மீ. தகட்டிலிருந்து 70 டிகிரி ஓவனில் அவை சீக்கிரமே வெளியேறிவிடும். 20 மி.மீ. கேபிள் காப்பிலோ, விரவும் நேரம் தடிமனின் வர்க்கத்தில் கூடுவதால், அதே வெளியேற்றத்துக்கு ஆயிரக்கணக்கான மடங்கு நேரம் பிடிக்கும். தகட்டைச் சோதனைக்கு முன்னும் பின்னும் நுண்தராசில் எடை பாருங்கள். எடை இறங்கியிருந்தால், நீங்கள் பார்த்த மின்னோட்ட இறக்கத்தில் ஒரு பங்கு துணைப்பொருள் வெளியேறியதால் வந்தது. தகடு அழுத்தும்போது இடையில் வைக்கும் ஃபிலிம் எது என்பதுகூட முடிவை நகர்த்தும். ஒரு தொடர் முழுவதும் ஒரே ஃபிலிமோடு இருங்கள். கேபிளிலிருந்தே சீவி எடுத்த தகடு கிடைத்தால் அதுவே முதல் தேர்வு.

வெப்பநிலைக்கு 30, 50, 70 டிகிரி. புலத்துக்கு 5, 10, 20, 30 கி.வோ./மி.மீ. மொத்தம் பன்னிரண்டு புள்ளிகள், ஒவ்வொன்றும் குறைந்தது 24 மணி நேரம். புலத்தைக் கீழிருந்து மேலாக ஏற்றுங்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே, மின்னழுத்தத்தில் இருந்த அளவு நேரமாவது தகட்டின் மின்வாய்களை ஒன்றோடொன்று ஷார்ட் செய்து விடுங்கள். இல்லாவிட்டால் பழைய மின்னூட்டம் புதிய அளவீட்டில் வந்து நிற்கும். ஒரு நிமிட மதிப்பை எடுத்துக்கொண்டு வேலையை முடிக்கும் பழக்கம் இங்கே செல்லாது. முதல் நிமிடத்தில் ஓடுவது பெரும்பாலும் உறிஞ்சு மின்னோட்டம், அதாவது புலத்துக்கு ஏற்பப் பொருள் மெல்லத் தன்னை அமைத்துக்கொள்வதால் வருவது. அது நேரத்தின் ஓர் அடுக்காக மெல்ல இறங்கும், கடத்தலோடு அதற்குச் சம்பந்தமில்லை.

பொருத்துதல்

பொருத்துவதைக் கடத்துதிறனின் மடக்கையில் செய்யுங்கள். நேரடியாகப் பொருத்தினால் 70 டிகிரி, 30 கி.வோ. புள்ளி ஒன்றே மற்ற பதினொன்றையும் விழுங்கிவிடும். ஆல்ஃபாவையும் பீட்டாவையும் தனித்தனியே பிரித்துப் பார்க்காமல் எல்லாப் புள்ளிகளோடும் ஒரே தடவையில் பொருத்துங்கள். பிறகு எச்சத்தை, அதாவது அளந்த மதிப்புக்கும் பொருத்திய கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, வெப்பநிலைக்கு எதிராக வரையுங்கள்.

அந்த வரைபடத்தில் தேடவேண்டியது ஒன்று. 30 டிகிரிப் புள்ளிகள் கோட்டுக்கு மேலே நிற்கின்றனவா? குளிரில் உறிஞ்சு மின்னோட்டம் அடங்க நாள்கணக்கில் ஆகும். 24 மணியில் நிறுத்தினால் அங்கே கடத்துதிறன் கூடுதலாகத் தெரியும். 70 டிகிரியில் சரியாகவே தெரியும். விளைவாக ஆல்ஃபா குறைந்துவிடும். 30 டிகிரி மதிப்பு மூன்று மடங்கு கூடுதலாக இருந்தால் 0.1 என்ற ஆல்ஃபா 0.073 ஆகத் தோன்றும். காப்பின் குறுக்கே 15 டிகிரி வித்தியாசம் உள்ள கேபிளில், வெளிப்பக்கப் புலம் 18.7 என்பதற்குப் பதில் 17.4 என்று வரும். பிழை எப்போதும் ஆபத்தான திசையிலேயே சாய்கிறது என்பதால் இது வெறும் துல்லியப் பிரச்சினை அல்ல. 30 டிகிரியில் மட்டும் மூன்று நான்கு நாள் விட்டு அளப்பது இதற்கு மருந்து. முடியாவிட்டால் அந்தப் புள்ளிகளுக்கு எடையைக் குறையுங்கள்.

காலத்தோடு ஓடும் கணக்கு

நிலைத்த விடை போதாது. காலத்தை ஆள்வது விடுதிறனைக் கடத்துதிறனால் வகுத்த எண். எக்ஸ்.எல்.பி.இ.க்குச் சார்பு விடுதிறன் 2.3. கடத்துதிறன் 10⁻¹⁴ என்றால் 34 நிமிடம். அதே பொருள் 50 டிகிரியிலிருந்து 20க்கு இறங்கினால், ஆல்ஃபா 0.1க்கு, 11 மணி நேரத்துக்கு மேல். சோதனைச் சுழற்சிகளில் 24 மணிச் சுழற்சியோடு 48 மணிச் சுழற்சியும் இருப்பதற்கு இந்த மந்தம்தான் காரணம்.

நேர்க் கேபிளுக்கு ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள் (வடிவத்தைச் சிறு கட்டங்களின் வலையாகப் பிரித்துக் கணக்கிடுவது) தேவையே இல்லை. பைத்தானில் முப்பது வரி போதும். ஒவ்வோர் ஆரத்திலும் கடத்தல் மின்னோட்டமும் (புலம் மாறுவதால் வரும்) இடப்பெயர்ச்சி மின்னோட்டமும் கூடிய மொத்தம் ஒன்றே என்பதால்:

புலம் மாறும் வேகம் = (பொது எண் ÷ ஆரம் − கடத்துதிறன் × புலம்) ÷ விடுதிறன்

பொது எண் = (கடத்துதிறன் × புலம் என்பதை உள்ளிருந்து வெளிவரை தொகுத்தது + விடுதிறன் × மின்னழுத்தம் மாறும் வேகம்) ÷ ஆர விகிதத்தின் இயல் மடக்கை; இங்கே விகிதம் 45/25

ஆரத்தை 200 புள்ளிகளாகப் பிரித்து, விடுதிறன் மட்டும் தரும் புலத்தை ஆரம்ப நிலையாக வையுங்கள். 60 விநாடிப் படி மேலே சொன்ன எண்களுக்குப் பாதுகாப்பானது. படி பெரிதானால் புலம் ரம்பம்போல் மேலும் கீழும் துள்ளும். எல்லைக்குக் கடத்துதிறனை மட்டும் பார்க்காதீர்கள்: அதை (1 + பீட்டா × புலம்) என்பதால் பெருக்கி, விடுதிறனை அதனால் வகுத்து, வரும் நேரத்தில் பாதிக்குக் கீழே படியை வையுங்கள். ஒவ்வொரு படியிலும் புலத்தின் தொகை மின்னழுத்தத்துக்குச் சமமா என்று பாருங்கள். கடைசியில் கையால் கண்ட 17.2, 14.7 வரவேண்டும். தோராயத்தால் சற்று விலகலாம், பெரிதாக விலகினால் நிரலில் அலகுப் பிழை.

வெப்பநிலையையும் காலத்தோடு ஓட்டும்போது இரண்டு கடிகாரங்கள் இருப்பதை மறக்கக்கூடாது. 20 மி.மீ. காப்புக்குள் வெப்பச் சரிவு ஒரு மணி நேர அளவில் அமைந்துவிடும். சுற்றியுள்ள மண் சூடாக வாரக்கணக்கில் ஆகும். குளிர்ந்த மண்ணில் முழு லோடு கொடுத்தால் சரிவு முழுதாக இருக்கும், கடத்துதிறன் மட்டும் குறைவாக இருக்கும். தலைகீழ் வரும், மிக மெதுவாக வரும்.

துருவம் மாற்றும்போது

ஏ.சி.யையும் டி.சி.யையும் மாற்றும் நிலையங்களில் இரண்டு வகை. தைரிஸ்டர் அடிப்படையிலான எல்.சி.சி. இணைப்பில் மின்சாரத்தின் திசையைத் திருப்ப மின்னழுத்தத்தின் துருவத்தை மாற்றவேண்டும். டிரான்சிஸ்டர் அடிப்படையிலான வி.எஸ்.சி. இணைப்பில் மின்னோட்டத்தைத் திருப்பினால் போதும். எக்ஸ்.எல்.பி.இ. கேபிள்கள் வி.எஸ்.சி.யோடு சேர்ந்து வளர்ந்ததற்குக் காரணம் கீழே இருக்கும் கழித்தலில் தெரிந்துவிடும்.

துருவம் திடீரென்று மாறினால் காப்புக்குள் தேங்கிய மின்னூட்டம் அப்படியே நிற்கும். புதிய புலம் = பழைய நிலைத்த புலம் − 2 × விடுதிறன் தரும் புலம். நம் கேபிளின் உள்பக்கம் 14.7 − 43.6 = −28.9. லோடில் சாதுவாக 14.7 காட்டிய இடத்தில் ஒரே நொடியில் 28.9 கி.வோ./மி.மீ. வெளிப்பக்கம் 7 ஆக இறங்குகிறது. புலத் தலைகீழ் எவ்வளவு முழுமையோ, துருவ மாற்றத்தில் உள்பக்கம் அவ்வளவு மோசம். மின்னல் துடிப்பு டி.சி.யின்மேல் ஏறும்போதும் இதே கூட்டல் கழித்தல்தான்.

சோதனை மின்னழுத்தத்தில்

பன்னாட்டு மின்சார அமைப்பான சிக்ரே 2012இல் வெளியிட்ட 496ஆம் தொழில்நுட்பக் கையேடு, வகைச் சோதனையில் (புதிய கேபிள் வடிவமைப்பைத் தேர்ச்சி பார்க்கும் சோதனை) லோடு சுழற்சிகளுக்கு 1.85 மடங்கு மின்னழுத்தத்தை வைத்தது. நம் கேபிளில் சராசரியே 29.6 கி.வோ./மி.மீ.; 30 வரை அளந்த பொருத்தத்தின் ஓரத்தில் நிற்கிறோம். உள்ளூர் உச்சம் அதைத் தாண்டும் என்பதால், தகட்டில் 40 வரை அளந்து வைப்பது நல்லது.

வெப்பத்தையும் பாருங்கள். இயல்பு நிலையில் கடத்துதிறன் 10⁻¹⁴ என்றால் காப்புக்குள் பிறப்பது மீட்டருக்கு 0.02 வாட்டுக்கும் கீழே. கண்டக்டரின் 30 வாட்டுக்கு முன்னால் ஒன்றுமில்லை. சோதனைச் சூட்டில் கடத்துதிறன் 10⁻¹² ஆகிவிட்டால் அதுவே மீட்டருக்கு 4 வாட் அளவு. அந்த வெப்பம் கடத்துதிறனை ஏற்ற, அது மேலும் வெப்பம் பிறப்பிக்க, வெளியேறும் வழி போதாவிட்டால் காப்பு ஓட்டம் பிடித்துத் துளைபடும். மொத்த அளவு உண்மையிலேயே முக்கியமாகும் இடம் இது.

ஜாயின்டில்

கேபிளின் எக்ஸ்.எல்.பி.இ.யும் ஜாயின்டின் ரப்பரும் சந்திக்கும் பரப்பில் விகிதம் மீண்டும் தலைதூக்குகிறது. பரப்புக்குக் குறுக்கே கடத்துதிறன் × புலம் இருபக்கமும் சமம். ரப்பர் பத்து மடங்கு நன்றாகக் கடத்தினால் எக்ஸ்.எல்.பி.இ. பக்கம் பத்து மடங்கு புலம். இரண்டு பொருளின் கிளர்வு ஆற்றலும் வேறு என்பதால், 20 டிகிரியில் ஒன்று மேலே, 70 டிகிரியில் இன்னொன்று மேலே என்று விகிதமே புரண்டுவிடலாம். ஆகவே ஜாயின்டைக் குளிரிலும் சூட்டிலும் இரண்டு முறை ஓட்டுங்கள். இங்கே இரு பரிமாண ஃபைனைட் எலிமென்ட் கட்டாயம். மூன்று பொருள்கள் சந்திக்கும் முனையில் வலையை நெருக்காவிட்டால் உச்சமே கண்ணில் படாது.

மாதிரி எங்கே முடிகிறது

இந்த மாதிரியும் ஸ்பேஸ் சார்ஜை, அதாவது காப்புக்குள் தேங்கும் மின்னூட்டத்தை, காட்டும். கடத்துதிறன் சரிந்து மாறும் இடத்தில் மின்னூட்டம் தேங்கத்தானே செய்யும். நம் கேபிளின் வெளி விளிம்பில் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 0.01 கூலும், கண்டக்டரின் துருவத்தோடு ஒத்த குறி. மின்வாயிலிருந்து நேரடியாக நுழையும் மின்னூட்டத்தையும், துணைப்பொருள்கள் அயனியாகி எதிர்த் துருவத்தில் குவிவதையும் இது அறியாது. அவற்றுக்கு எலெக்ட்ரானையும் துளையையும் (எலெக்ட்ரான் விட்டுப்போன, நேர் மின்னூட்டம்போல் நகரும் இடம்) தனித்தனியே பின்தொடரும் இருதுருவ மின்னூட்ட மாதிரி வேண்டும். அதில் நுழைவுத் தடை, பொறி ஆழம், பொறி அடர்த்தி, மீள்சேர்க்கைக் கெழு என்று எண்கள் பெருகும். ஒரே மின்னோட்ட வளைவுக்குப் பல தொகுப்புகள் ஒத்துவரும். மின்னோட்டத்தோடு பி.இ.ஏ. (மின்துடிப்பு எழுப்பும் ஒலியால் மின்னூட்டத்தின் இடத்தைக் காட்டும் முறை) ஸ்பேஸ் சார்ஜ் படமும் கையில் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

எந்த மாதிரி வேண்டும் என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். தகட்டில் கன மீட்டருக்கு 1 கூலும் அளவு மின்னூட்டம் தெரிந்தால் அது கடத்துதிறன் சரிவு தரும் அளவைப்போல் நூறு மடங்கு. 0.1 மி.மீ. அடுக்கில் அது இருந்தாலே புலத்தை 5 கி.வோ./மி.மீ. அளவுக்கு நகர்த்தும். அப்போது ஆல்ஃபா, பீட்டாவை எவ்வளவு நுணுக்கிப் பொருத்தினாலும் பயனில்லை. தகட்டை இன்னும் நன்றாக வாயு நீக்கி, மறுபடி அளந்து, மின்னூட்டம் மறைகிறதா என்று பார்ப்பதே அடுத்த வேலை.